தம்பி படிக்கிற மெல்போர்ன் கல்லூரியைப் பூட்டிட்டாங்க, கட்டின ஃபீஸ் என்ன ஆகும்?

காவிரிக்கரை அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதறேன். என் தம்பி மெல்போர்ன்ல ஒரு தனியார் கல்லூரியில கமர்ஷியல் குக்கரி படிக்கிறான். சேர்ந்து 13 வாரம்தான் ஆச்சு. நேத்து காலையில வகுப்புக்குப் போயிருக்கான், கண்ணாடிக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்திருக்கு. நிர்வாகம் கைமாறிடுச்சு, மறு அறிவிப்பு வரை வகுப்பு கிடையாதுன்னு நாலு வரி. உள்ள விளக்கே எரியலையாம். அங்க நின்ன நாப்பது பேர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல.

முதல் வருஷ டியூஷன் ஃபீஸ் 10,400 டாலர் மொத்தமா கட்டிட்டோம். அதுக்கு மேல கத்திப்பெட்டி, வெள்ளைக் கோட்டு, ஷூவுக்குன்னு 1,100 டாலர். ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் 1,20,000 ரூபாய். விசா ஃபீஸ், டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. பாதி வங்கிக் கடன், பாதி அம்மா நகை. ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டா ரெண்டு நாளா எடுக்கல.

கல்லூரி பேரு இங்க போட வேண்டாம்னு தம்பி சொல்றான். பணம் வருமா? விசா என்ன ஆகும்? யாராவது அனுபவப்பட்டவங்க இருந்தா சொல்லுங்க.

---

யாரா நதி எழுதியது:

அக்கா, முதல்ல ஒரு மூச்சு விடுங்க. பணம் முழுசும் போயிடலை. நான் 2008-ல மெல்போர்ன் வந்தவன். என் கல்லூரியும் இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலையில மூடிக்கிடந்தது. அப்ப இருந்ததுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அதனால நிதானமா படிங்க.

ஆஸ்திரேலியாவுல வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு 2000-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, ஈசாஸ் சட்டம்னு சொல்வாங்க. அதுக்குக் கீழ 2012 ஜூலை 1 முதல் டியூஷன் புரொடெக்‌ஷன் சர்வீஸ், சுருக்கமா டிபிஎஸ், நடந்துக்கிட்டு இருக்கு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிற கல்லூரிகள் வருஷா வருஷம் அதுக்கு லெவி, அதாவது கட்டாயக் கட்டணம், கட்டுது. ஒரு கல்லூரி விழுந்தா அந்த நிதியிலிருந்துதான் மாணவனுக்குக் கொடுப்பாங்க.

நடைமுறை இதுதான். கல்லூரி பாடத்தை நிறுத்தின நாளிலிருந்து 14 நாள் கல்லூரிக்கு அவகாசம். அதுக்குள்ள, நடத்தாத காலத்துக்கான ஃபீஸைத் திருப்பித் தரணும், இல்லைன்னா கூடுதல் செலவில்லாம வேற கல்லூரியில இடம் வாங்கித் தந்து, மாணவன் அதை எழுத்துல ஏத்துக்கணும். ரெண்டும் நடக்கலைன்னா டிபிஎஸ் நேரா உங்க தம்பிக்கே மின்னஞ்சல் அனுப்பும். அதுல எந்தெந்தக் கல்லூரியில மாற்று இடம் இருக்குன்னு வரும். பிடிச்சதை எடுத்துக்கலாம், பிடிக்கலைன்னா மீதி ஃபீஸைத் திரும்பக் கேட்கலாம்.

"மீதி" என்கிற வார்த்தையைக் கவனிங்க. 52 வாரத்துக்கு 10,400 டாலர்னா வாரத்துக்கு 200. 13 வாரம் வகுப்பு நடந்துடுச்சு. பாக்கி 39 வாரம், ஏறக்குறைய 7,800 டாலர். அவ்வளவுதான் பேச்சு. கத்திப்பெட்டி தம்பி கையிலேயே இருக்கிற பொருள், அது டியூஷன் ஃபீஸ்ல சேராது. இன்ஷூரன்ஸ், விசா ஃபீஸ், டிக்கெட், ஏஜென்ட் காசு எதுவும் சேராது.

இப்ப உடனே செய்ய வேண்டியது: தம்பியோட சிஓஇ-யை, அதாவது கல்லூரி கொடுத்த சேர்க்கை உறுதிச் சான்றை, எடுத்துப் பாருங்க. அதுல முன்கூட்டி கட்டின டியூஷன் ஃபீஸ்னு ஒரு தொகை இருக்கும். அது 10,400-ஆ இருக்கா, குறைவா இருக்கா? குறைவா இருந்தா மீதி எங்க நின்னுச்சுன்னு தேடணும். கல்லூரி ரசீது, வங்கி அனுப்பின தாள், ஒப்பந்தம் மூணையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. கல்லூரி இணையதளம் இன்னும் திறக்குதுன்னா வருகைப்பதிவு, முடிச்ச யூனிட்டுகள், மதிப்பெண் எல்லாத்தையும் இன்னைக்கு ராத்திரியே படம் பிடிச்சு வைக்கணும். நாளைக்கு அந்தப் பக்கம் திறக்காது.

---

காவிரிக்கரை அக்கா எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. சிஓஇ-யில 10,400-ன்னே இருக்கு. நல்லவேளை அப்பா பிடிவாதமா கல்லூரி கணக்குக்கே நேரா அனுப்பினார். ஏஜென்ட் "என் கணக்குல போடுங்க, நான் கட்டிடறேன்"னு எவ்வளவோ சொன்னான்.

படம் பிடிக்கச் சொல்லிட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து 140 படம் எடுத்திருக்கான். காலையில பார்த்தா உள்ளே நுழைய முடியலையாம்.

---

நேர்பேச்சு எழுதியது:

மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேட்கணும். பேர் தெரியாத மாடிக் கல்லூரியில, ஃபீஸ் குறைவுன்னு, பிஆர் (நிரந்தரமா அங்கயே தங்கற உரிமை) கிடைக்கும்னு போய்ச் சேர்றது யார் தப்பு? நல்ல பல்கலைக்கழகத்துல சேர்ந்தவனுக்கு இந்தப் பிரச்சினை வருதா? ஒழுங்கா நடத்துற கல்லூரி கட்டுற லெவியில இதுக்கெல்லாம் ஈடு கொடுக்கறது சரியா?

---

யாரா நதி எழுதியது:

நேர்பேச்சு, உங்க கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா 2009-ல என்னையும் இதே வார்த்தையாலதான் பேசினாங்க.

நான் சேர்ந்த கல்லூரிக்கு அரசு கொடுத்த கிரிகாஸ் பதிவு எண், அதாவது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கலாம்கிற அனுமதி, இருந்தது. அதை நம்பித்தான் அரசு விசா கொடுத்தது. சமையல், முடிதிருத்தம் படிச்சா பிஆருக்குப் புள்ளி அதிகம்னு பட்டியல் போட்டதும் அரசுதான். அந்தப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரிகள் முளைச்சது, ஏஜென்ட்டுகள் ஊருக்கு வந்தாங்க. 2009 நவம்பர்ல மெரிடியன் என்ற கல்லூரி விழுந்தது. 2010 ஜனவரியில ஜியோஸ் என்ற ஆங்கிலப் பள்ளிக் குழுமம் நாடு முழுக்க எட்டு இடத்துல மூடிச்சு. பிப்ரவரியில அந்தப் பட்டியலையே ரத்து பண்ணாங்க. பத்தொன்பது வயசுப் பையன் மன்னார்குடியில உட்கார்ந்துக்கிட்டு ஒரு கல்லூரியோட கணக்குப் புத்தகத்தை எப்படிப் பார்ப்பான்? பார்க்கிற அதிகாரம் இருக்கிறவனுக்குத்தான் பொறுப்பும்.

என் கதையைச் சொல்றேன். என்னை வேற கல்லூரிக்கு மாத்தினாங்க. அங்க சமையலறையே கிடையாது, வாரத்துல ரெண்டு நாள் ஒரு ரெஸ்டாரண்ட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினாங்க. ஏழு மாசத்துல அதுவும் போச்சு. ரெண்டாவது தடவை கதவுல தாளைப் பார்த்தப்ப எனக்கு அழுகைகூட வரலை. அப்பாவுக்குச் சொல்லாம எட்டு மாசம் ராத்திரி ஷிஃப்ட்ல கிளீனிங் வேலை பார்த்து மூணாவது கல்லூரிக்குக் கட்டினேன். அப்ப இருந்த உத்தரவாத நிதியிலயும் இவ்வளவு கல்லூரி ஒண்ணா விழுந்ததுல பணம் பத்தாம அரசு மேல போட வேண்டியதாச்சு. அதுக்கப்புறம்தான் பெய்ர்ட் என்பவர் தலைமையில ஆய்வு நடந்து, 2010 மார்ச்ல அறிக்கை வந்து, இந்த டிபிஎஸ் பிறந்தது. நாங்க பட்டதுல இருந்து வந்த சட்டம் இது. அதனாலதான் யாராவது கேட்டா இவ்வளவு நீளமா எழுதறேன்.

லெவி விஷயம்: எல்லாரும் ஒரே தொகை கட்டறதில்லை. ஆபத்து அதிகமா தெரியற கல்லூரிக்கு அதிகமா போடறாங்க. அது நியாயமான ஏற்பாடு.

---

வாசுகி எல்.ஏ. எழுதியது:

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். ஒரு சமூகக் கல்லூரியில் மாணவர் நிதி உதவி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிக் குழுமம் மூடியபோது எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

2015 ஏப்ரல் கடைசியில் 28 வளாகங்களை ஒரே நாளில் மூடினார்கள். சுமார் 16,000 மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல், திங்கட்கிழமை வகுப்பு இல்லை. எவரெஸ்ட், ஹீல்டு, வயோடெக் எல்லாம் அவர்கள் நடத்தியவைதான். வேலைவாய்ப்பு விகிதத்தைப் பொய்யாகக் காட்டியதற்காக, மூடுவதற்குச் சில நாள் முன்புதான் ஹீல்டுக்கு 3 கோடி டாலர் அபராதம் விதித்திருந்தது கல்வித்துறை.

இங்கே நிலைமை வேறு. மாணவர்கள் கையில் இருந்தது ரொக்கம் இல்லை, மத்திய அரசின் கடன். அதனால் பாதுகாப்பும் பணத்தைத் திருப்பித் தருவதாக இல்லாமல் கடனைத் தள்ளுபடி செய்வதாக அமைந்தது. அப்போதைய பொது விதிப்படி, மூடும் நாளில் படித்துக்கொண்டிருந்தவர்களும் அதற்கு முந்தைய 120 நாட்களுக்குள் விலகியவர்களும் தகுதி பெற்றார்கள்; கொரிந்தியனுக்கு மட்டும் அந்த வரம்பை இன்னும் நீட்டினார்கள். பின்னாளில் பொது விதியையே 180 நாள் ஆக்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முடித்த பாடங்களின் கிரெடிட்டை வேறு கல்லூரிக்கு மாற்றி அதே போன்ற படிப்பை முடித்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது. ஒரு பெண், மருத்துவ உதவியாளர் படிப்பு, இரண்டு பிள்ளைகள். இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. "மாறிப் படிப்பை முடிக்கவா, இல்லை கடனை ஒழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவா?" என்று கேட்டார். மூடிய கல்லூரியின் சான்றிதழை யாரும் மதிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை முடிவாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு தாளையும் அவர் முன் வைத்தேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

முன்பே படித்து முடித்திருந்தவர்கள், கல்லூரி தங்களை ஏமாற்றியது என்று காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து பேர் கடனைக் கட்ட மாட்டோம் என்று 2015 பிப்ரவரியில் அறிவித்தார்கள், பின்னால் அது பெரிதானது. கடைசியில் 2022 ஜூனில்தான் கொரிந்தியனில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனையும் மொத்தமாக ரத்து செய்தார்கள். ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் பலருக்குத் திரும்ப வர வேண்டிய வரித் தொகை பிடிக்கப்பட்டது, கடன் மதிப்பெண் விழுந்தது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை.

காவிரிக்கரை அக்காவுக்கு இதில் ஒரு விஷயம் பயன்படும்: தம்பி எந்த வழியை எடுத்தாலும் அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். மாற்று இடமா, பணமா என்பது ஒரு தடவை எடுக்கும் முடிவு.

---

நேர்பேச்சு எழுதியது:

யாரா நதி, நான் எழுதினது கடுமையா இருந்தது. ரெண்டாவது கல்லூரியும் மூடின கதையைப் படிச்சதும் என் அண்ணன் மகன் ஞாபகம் வந்துடுச்சு, அவனும் வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கான். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். விழுந்த பிறகு ஈடு கொடுக்கறதை விட, விழறதுக்கு முன்னாடியே அந்தப் பணத்தைத் தனியா வைக்கச் சொல்லலாமே?

---

யாரா நதி எழுதியது:

பெரிய மனசு சார். கேள்வியும் சரியான கேள்வி.

பாதி அளவுக்கு அந்த ஏற்பாடு இருக்கு. மாணவன் படிப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் அவன் கட்டின டியூஷன் ஃபீஸைத் தனியார் கல்லூரி தனிக் கணக்குல வைக்கணும், தொடக்கூடாது. இன்னொண்ணு, 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்புன்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாதி ஃபீஸுக்கு மேல கேட்கக் கூடாது. மாணவனா விரும்பிக் கூடுதலா கட்டினா வாங்கிக்கலாம்.

ஓட்டை அங்கதான். "முழுசா கட்டினா விசா சீக்கிரம் வரும்"னு ஏஜென்ட் சொல்வான், நம்ம ஆளுங்க "விரும்பி" கட்டிடுவாங்க. வகுப்பு ஆரம்பிச்ச மறுநாளே தனிக் கணக்குப் பணம் கல்லூரியோட பொதுக் கணக்குக்குப் போயிடும். அதுக்கப்புறம் அது வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் கரையும். என்னைக் கேட்டா, அந்தப் பணமும் ஒவ்வொரு டெர்முக்கும் அந்தந்த டெர்ம் முடியற அளவுலதான் விடுவிக்கப்படணும். கல்லூரி கைக்குப் போகாத பணத்தைக் கல்லூரியால தொலைக்க முடியாது. இதுக்காக 2010-லயே குரல் கொடுத்தோம், நடக்கலை.

---

வாசுகி எல்.ஏ. எழுதியது:

இதற்கு அமெரிக்காவில் வேறு வழி வைத்திருந்தார்கள். நிதி நிலை மோசமான கல்லூரியிடம் வங்கி உத்தரவாதம் கேட்பது. ஐடிடி டெக் என்ற தனியார் கல்லூரிக் குழுமத்தின் விஷயத்தில் 2016 ஆகஸ்ட் 25 அன்று, புதிய மாணவர்களை அரசுக் கடனில் சேர்க்கக் கூடாது, உத்தரவாதத்தை 24.7 கோடி டாலராக உயர்த்த வேண்டும் என்றார்கள். செப்டம்பர் 6 அன்று கல்லூரி மூடிவிட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

உத்தரவாதம் கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி ஓரளவு நல்ல நிலையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டிருக்க வேண்டும். கழுத்து வரை தண்ணீர் வந்த பிறகு கேட்டால் கேட்பதே அதை அமிழ்த்திவிடும்.

இன்னொன்று, ஐடிடி மாணவர்களில் பலர் தனியார் கடனும் வாங்கியிருந்தார்கள். கல்லூரி மூடியதற்கான தள்ளுபடி அரசுக் கடனுக்கு மட்டும்தான். தனியார் கடனுக்குத் தனியாக வழக்கு நடத்தி, பீக்ஸ் என்ற கடன் திட்டத்தில் மட்டும் 33 கோடி டாலர் 2020-இல்தான் ரத்தானது.

---

மொன்றியல் பெடியன் எழுதியது:

கனடாவிலயும் நடந்தது. 2022 ஜனவரியில மொன்றியல், லோங்கெய், ஷேர்புறூக் மூண்டு இடத்திலயும் ஒரே நிறுவனத்தின்ர மூண்டு கல்லூரியள் கடன் குடுத்தவையிட்ட இருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பாதிக்கப்பட்டது ஏறத்தாழ 2,000 பேர், கூடுதலா இந்தியப் பிள்ளையள், அதிலயும் பஞ்சாப் பக்கம். மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னம்தான் அடுத்த தவணைக் காசைக் கட்டச் சொல்லி நெருக்கினவை. எங்கட கடைக்குப் பக்கத்தில ரெண்டு பெடியள் இருந்தவை, ஒருத்தன் பனிக்குள்ள பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்டவன்.

அக்கா, தவணைக் காசுக்கு வழமையா இல்லாத அவசரம் காட்டினா அதுதான் முதல் அறிகுறி. உங்கட தம்பின்ர கூட்டாளியளிட்டயும் கேட்டுப் பாருங்கோ, யாருக்கும் கடைசி மாசத்தில அப்பிடி மின்னஞ்சல் வந்ததோ எண்டு.

---

காவிரிக்கரை அக்கா எழுதியது:

அண்ணா, வந்திருக்கு. ரெண்டாம் வருஷ ஃபீஸை இப்பவே கட்டினா 15 சதவீதம் தள்ளுபடின்னு போன மாசம் எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க. தம்பியோட அறையில இருக்கிற பையன் கட்டிட்டானாம். இதைப் படிச்சதும் உடம்பே நடுங்குது.

வங்கிக் கடன் பத்தி யாராவது சொல்ல முடியுமா? மேனேஜர்கிட்ட சொல்லணுமா, சொன்னா பயந்து கடனைத் திருப்பிக் கேட்பாங்களா?

---

பாலக்கரை மணி எழுதியது:

அம்மா, நான் திருச்சியில் வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டாயம் சொல்லுங்கள், வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கல்விக் கடனில் திருப்பிக் கட்டும் காலம் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். கல்லூரி மூடியது தெரியாமல் கிளை பழைய தேதியையே வைத்திருந்தால், புதிய கல்லூரியில் தம்பி படித்துக்கொண்டிருக்கும்போதே தவணை விழ ஆரம்பித்துவிடும். புதிய சிஓஇ வந்ததும் அதைக் கொடுத்துக் காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள். பணமாகத் திரும்பினால், கடனில் போன பங்கைக் கணக்கில் செலுத்திவிடுவதுதான் உத்தமம், வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த இழையைப் படிக்கும் மற்ற பெற்றோர்களுக்கும் ஒன்று. வங்கிகள் வழக்கமாக ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரி கேட்பாணை பார்த்துத்தான் பணம் விடுவிக்கும். என் மேஜையில் எத்தனையோ அப்பாக்கள், "சார், மொத்தமா அனுப்பிடுங்க, பையனுக்குத் தொல்லை வேண்டாம்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். மறுத்ததற்குக் கோபித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். அந்தத் தவணை முறையே உங்களுக்கு ஒரு காவல். அதை நீங்களே தளர்த்தச் சொல்லாதீர்கள்.

---

யாரா நதி எழுதியது:

விசா பத்தி: கல்லூரி மூடின மறுநாளே விசா ரத்தாகாது. ஆனா சேர்க்கை இல்லாம காலம் ஓட விடக்கூடாது. நடந்ததைக் குடிவரவுத் துறைக்கு எழுத்துல தெரிவிச்சுட்டு, புதுச் சேர்க்கை வாங்கணும். புதுசா விசா போட வேண்டி வந்தா, விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையில 2,000 டாலர் ஆச்சு, அதைத் திருப்பித் தர மாட்டாங்க. அதனால பணம் வேணுமா, இடம் வேணுமான்னு முடிவெடுக்கும்போது, திரும்ப ஊருக்கு வந்து மறுபடி விண்ணப்பிக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

முடிச்ச யூனிட்டுகள் யூஎஸ்ஐ கணக்குல, அதாவது ஒவ்வொரு மாணவனுக்கும் இருக்கிற தனி எண்ணோட படிப்புப் பதிவுல, ஏறியிருக்கான்னு தம்பி பார்க்கணும். ஏறினது ஆதாரம். ஏறாததுக்கு, மூடின கல்லூரிகளோட பதிவேடுகள் அஸ்குவா என்ற தொழிற்கல்விக் கண்காணிப்பு அமைப்புக்குப் போகும், அங்க விண்ணப்பிச்சு நகல் கேட்கலாம்.

அறைத் தோழன் கட்டின ரெண்டாம் வருஷப் பணமும் நடத்தாத படிப்புக்கான டியூஷன் ஃபீஸ்தான். கல்லூரி கணக்குக்குப் போன ஆதாரம் இருந்தா அவனும் கேட்கட்டும், வெட்கப்பட்டுக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க.

---

காவிரிக்கரை அக்கா எழுதியது:

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

கல்லூரிகிட்ட இருந்து 14 நாள்ல ஒண்ணும் வரலை. டிபிஎஸ்-லிருந்து மின்னஞ்சல் வந்துச்சு, நாலு கல்லூரி காட்டினாங்க. தம்பி மூணை நேர்ல போய்ப் பார்த்தான். யாரா நதி அண்ணா சொன்ன கதையை மனசுல வச்சு, முதல்ல சமையலறையைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கான். ஒரு இடத்துல "அது வேற வளாகத்துல இருக்கு"ன்னு இழுத்தாங்களாம், வெளியே வந்துட்டான். ரெண்டாவது இடத்துல அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், பசங்க சாஸ் கிளறிக்கிட்டு இருந்தாங்களாம். அங்கயே சேர்ந்துட்டான். மீதி 39 வாரத்துப் பணம் புதுக் கல்லூரிக்கே போகுது, ரெண்டாம் வருஷ ஃபீஸை டெர்ம் டெர்மா கட்டறோம்னு எழுதி வாங்கிட்டோம்.

ஏழு யூனிட் முடிச்சிருந்தான், யூஎஸ்ஐ-யில நாலுதான் ஏறியிருந்தது. அந்த 140 படத்துல மிச்ச மூணுக்கும் மதிப்பெண் இருந்தது. புதுக் கல்லூரி ரெண்டை ஏத்துக்கிட்டாங்க, ஒண்ணை மறுபடி செய்யணும். அறைத் தோழனும் விண்ணப்பிச்சிருக்கான், இன்னும் பதில் வரலை. ஏஜென்ட் காசு போனதுதான். வங்கியில மணி சார் சொன்னபடி முத்திரை வாங்கிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. கத்திப்பெட்டி புதுசா வாங்க வேண்டாம், இருக்கிறதையே எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்களாம்.